கொத்தனார் வானத்துக்கு நூல் பிடித்த கதை

கொத்தனாருக்கு நூலை விட்டால் வேறு சாமி கிடையாது. செங்கல் வரிசை மயிரிழை விலகினாலும் வைத்தவனைக் கூப்பிட்டு இடிக்கச் சொல்வார். அப்பேர்ப்பட்ட மனுஷர் நாலு வருஷமாக மொட்டை மாடியில் மல்லாந்து கிடந்து எரிகல் எண்ணுகிறார் என்றால், கூட வேலை செய்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? "மேலே யாருக்கு வீடு கட்டப்போறாரு?" என்று ஒரே கிண்டல்.

எண்ணுவதோடு போனால் தொல்லையில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் மூன்று எரிகல் கூட்டம் ஒன்றாக வந்து விழும். வடகிழக்கே பெர்சியஸ் என்கிற நட்சத்திர மண்டலத்துப் பக்கமிருந்து வருகிறவன் அவசரக்காரன். கோடு கிழித்துவிட்டு, வாலைக் கொஞ்ச நேரம் தொங்கவிட்டுப் போவான். தெற்கே கும்பத்திலிருந்து வருவது மங்கல், நடுத்தர வேகம். அதன் பக்கத்து மகரத்திலிருந்து எப்போதாவதுதான் வரும்; வந்தால் மஞ்சளாக, பளிச்சென்று, ஆற அமரப் போகும். எது எந்தக் கூட்டம் என்று பிரித்தெழுதி, வானம் பார்ப்போர் சங்கச் செயலாளரான மருந்துக்கடைக்காரரிடம் தாளைக் கொடுக்க வேண்டும்.

போன வருஷம் கொத்தனார் நாற்பத்தொன்றையும் பெர்சியஸிலேயே தள்ளியிருந்தார். மருந்துக்கடைக்காரர் தாளைத் திருப்பி நீட்டினார்.

"கொத்தனாரே, கும்பத்துக்கு ஒண்ணு, மகரத்துக்கு ஒண்ணு கூடவா இல்ல? இன்னொரு தடவை இப்படி வந்தா பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துருவேன். வருத்தப்படக் கூடாது."

கொத்தனார் வருத்தப்படவில்லை. ஒரு வாரம் ஒவ்வொரு சுவரையும் இரண்டு தடவை இடிக்கச் சொன்னார், அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் பெயர் அச்சில் வருகிற ஒரே இடம் சங்கம் வருஷா வருஷம் போடுகிற அந்தப் பட்டியல்.

இந்த வருஷம் வேலை நூலையே மாடிக்குக் கொண்டுபோனார். எரிகல் போன வழியில் இரண்டு கையாலும் நூலை இழுத்துப் பிடித்து, பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனால் கிளம்பிய இடம் தெரியும். முறை சரியானதுதான். பக்கத்துப் பாயில் மனைவி புழுக்கத்துக்குப் பயந்து வந்து படுத்திருந்தாள். பஸ் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து வண்டிகளை அறிவிக்கிற வேலை அவளுக்கு. விடிந்தால் முதல் ஷிப்ட்.

ஒரு மணிவாக்கில் தென்மேற்கில் தாழ்வாக ஒன்று மஞ்சளாக ஊர்ந்தது. நூலைப் பிடித்தார். அது மகரத்தைத் தொட்டது. இன்னும் தள்ளினார். உச்சியைத் தாண்டிப் பெர்சியஸிலும் போய் முட்டியது.

"சனியனே!"

"யாரைத் திட்றீங்க?"

"உன்னை இல்ல. தூங்கு."

"எழுப்பி விட்டுட்டு தூங்குன்னா?"

"நூல் ரெண்டையும் தொடுதுடி. மகரமா பெர்சியஸான்னு புரியல. பெர்சியஸ்னே போட்டுட்டுப் போறேன், அதான் நிறைய வருது."

"ஏங்க, ஒரே ரோட்டுல ரெண்டு ஊரு இருந்தா, வர்ற பஸ்ஸு எந்த ஊருதுன்னு ரோட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா?"

"பின்ன?"

"வர்ற வேகத்தைப் பாருங்க. தூரத்து வண்டி அலறிக்கிட்டு வரும். பக்கத்து ஊரு வண்டி உருட்டிக்கிட்டு வரும். உங்க ஆளு எப்படி வந்தாரு?"

"உருட்டிக்கிட்டு."

"முடிஞ்சுதுல்ல? படுங்க."

அவருக்கு முடியவில்லை. நூலைத் தவிர இன்னொன்றை நம்பி ஒரு கல் வைத்தவரில்லை. பென்சில் தாளில் மகரக் கட்டத்துக்கும் பெர்சியஸ் கட்டத்துக்கும் நடுவே அல்லாடியது. அந்த அல்லாட்டத்தில் தலைக்கு மேலே போன இரண்டைத் தவறவும் விட்டார். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு மகரத்தில் ஒரு கோடு போட்டார். அதற்கப்புறம் நூலோடு வேகத்தையும் சேர்த்துப் பார்த்தே எழுதினார். விடியும்போது பெர்சியஸில் பதினேழு, கும்பத்தில் ஆறு, மகரத்தில் மூன்று, எதிலும் சேராத அநாதைகள் எட்டு. அந்த எட்டை எங்கேயாவது பூசி ஒட்டிவிட அவருக்குக் கை பரபரவென்றது. அடக்கிக்கொண்டார்.

தாளைக் கொடுத்த பத்தாம் நாள் மருந்துக்கடைக்காரர் போன் செய்தார்.

"கொத்தனாரே, பட்டியல்ல பேர் இருக்கு. அந்த மஞ்சளை இன்னும் மூணு பேர் மகரத்துலதான் போட்டிருக்காங்க. நீங்க எப்படிப் பிரிச்சீங்க?"

அனுபவம் என்று சொல்ல வாயெடுத்தார். எதிரே மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"வீட்ல சொன்னாங்க," என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"அடடே! அப்ப அவங்க பேரையும் சேர்த்துடவா?"

மனைவி போனைப் பிடுங்கினாள். "சேருங்க சார். ஆனா எம்பேரு இவருக்கு மேல வரணும்."

"அதெல்லாம் அகர வரிசைப்படிதான் போடுவாங்க," என்று கொத்தனார் உறுமினார். உறுமி முடித்த பிறகுதான் உறைத்தது, அகர வரிசையிலும் அவள்தான் முன்னால்.