சித்தி வளர்ந்த மூன்று நாள்

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் விண்வெளியைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே ஆள் நான்தான். எனக்குப் பத்து வயது. அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கித் தந்த நூலக அட்டை கையில் இருந்தது. உலகத்தில் எனக்குத் தெரியாதது இனி அதிகம் இல்லை என்ற நினைப்பும் இருந்தது. எங்கள் சித்திக்கு விண்வெளியெல்லாம் வேண்டாம். அரை சென்டிமீட்டர் போதும்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை, எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவள். போலீஸில் சேரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். விடிவதற்குள் கண்மாய்க்கரையில் ஓடிவிட்டு வந்துவிடுவாள். நான் சைக்கிளை மிதித்தும் அவளைப் பிடிக்க முடியாது. ஆனால் போன தேர்வில் அவளை ஓடவே விடவில்லை. உயரம் அளக்கிற இடத்திலேயே அரை சென்டிமீட்டர் குறைகிறது என்று அனுப்பிவிட்டார்கள். இதற்கிடையில் கான்சாபுரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்து, பதில் கேட்டு ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

"இன்னொரு தடவை போயி அளந்து பாரு. அப்பவும் உயரம் பத்தலைன்னா பொறவு போலீஸ் பேச்சே எடுக்கப்படாது. கல்யாணந்தான்" என்றார் அப்பா. சித்தியும் சம்மதித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் நூலகத்தில் எடுத்துவந்த அறிவியல் இதழ் ஒன்றை, மாவாட்டிக்கொண்டிருந்த சித்திக்கு நான் சத்தம்போட்டு வாசித்தேன். எடையே இல்லாத இடத்தில் மனிதர்களுக்கு என்னவெல்லாம் ஆகும் என்ற கட்டுரை. அங்கே டம்ளரைக் கவிழ்த்தாலும் தண்ணீர் கொட்டாது. உருண்டையாகத் திரண்டு மிதக்கும், வாயால் கவ்விக்கொள்ளலாம். அழுதால் கண்ணீர் கன்னத்தில் வழியாது. கண்ணிலேயே குமிழாக ஒட்டிக்கொண்டு நிற்கும். காலில் இருக்கிற ரத்தம் முகத்துக்கு ஏறி, முகம் உப்பிவிடும், கால் மெலிந்துவிடும். மேல் கீழ் என்பதே கிடையாது, சுவரிலும் தூங்கலாம், கூரையிலும் தூங்கலாம். எனக்கு வாசிக்க வாசிக்க மயிர்க்கூச்செறிந்தது. சித்தி "ம்" கொட்டிக்கொண்டு மாவைத் தள்ளினாள். முதுகெலும்பை அழுத்த எடை இல்லாததால் அங்கே போகிறவர்கள் ஓரிரண்டு அங்குலம்கூட வளர்ந்துவிடுகிறார்கள் என்ற வரி வந்தது. ஆட்டுரல் நின்றுவிட்டது.

"ஏட்டி, அதைத் திருப்பிப் படி."

திருப்பிப் படித்தேன். அதற்கு அடுத்த வரி இன்னும் விசேஷம். இதற்கு விண்வெளி வரைக்கும் போகவேண்டாம், படுத்துத் தூங்கினாலே முதுகெலும்பு கொஞ்சம் நீளும், அதனால் எல்லோருமே காலையில் சற்று உயரமாகவும் சாயங்காலம் குட்டையாகவும் இருக்கிறார்கள் என்று போட்டிருந்தது. நாங்கள் நம்பவில்லை. மறுநாள் காலையில் சித்தியைச் சுவரோரம் நிற்கவைத்து, தலைமேல் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். சாயங்காலம் மறுபடி நிறுத்தினேன். கோட்டுக்கும் தலைக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுழைந்தது.

அந்தச் சின்ன இடைவெளியை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. தெருவில் போகிற அத்தனை பேரையும் பூமி காலையிலிருந்து இழுத்து இழுத்து அமுக்கிக்கொண்டிருக்கிறது, ஒருத்தருக்கும் தெரியவில்லை! அப்பாவையும் ஷிப்டுக்குக் கிளம்பும்போது ஒரு தடவை, முடிந்து வந்ததும் ஒரு தடவை பிடித்து அளந்தேன். மில்லுக்குப் போன அப்பா வேறு, திரும்பி வந்த அப்பா வேறு. எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

தேர்வுக்கு முந்தின மூன்று நாளும் படுக்கையிலேயே கிடப்பது என்று சித்தி முடிவெடுத்தாள். ஓர் இரவுக்கே இவ்வளவு என்றால் மூன்று நாளுக்கு எம்புட்டு வரும் என்பது எங்கள் கணக்கு. படுத்தபடியே சோறு, படுத்தபடியே காப்பி. எனக்கு நர்ஸ் உத்தியோகம். கட்டுரையில் ஒரு படம் இருந்தது. விண்வெளியிலிருந்து திரும்பி வந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, போர்வை போர்த்தி, ஆட்கள் தூக்கிப் போகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைப் பல்லக்கில் எழுந்தருளப் பண்ணுகிற மாதிரி அது அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று சித்திக்கு விளக்கினேன்.

"அப்ப என்னையவும் நாலு பேரு தூக்குவாகன்னு சொல்லு" என்று சித்தி சிரித்தாள். அம்மா, "வாயைக் கழுவுடி முதல்ல" என்றாள்.

அப்பாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "புத்தகத்தைப் படிச்சிட்டு ஆளைப் படுக்கப் போட்டிருக்கா. இதனால அவளுக்கு எதாவது கெடுதல் வந்துச்சு, லைப்ரரி அட்டை அடுப்புக்குள்ளதான், பாத்துக்க" என்று என்னை எச்சரித்தார். சொன்னால் செய்கிறவர். ஆனாலும் தேர்வன்று மில் வேன் டிரைவரிடம் கெஞ்சிக் கேட்டு, பேண்டேஜ் துணி மூட்டைகளின் மேல் சித்தியைப் படுக்கவைத்து அனுப்பியதும் அவர்தான். துணைக்கு நான்.

வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் பக்கம் வேன் செத்த நேரம் நின்றது. வெள்ளை மூட்டைகளுக்கு நடுவில் நீட்டிக் கிடந்த சித்தியைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "சின்ன வயசாத் தெரியுதே. எப்ப நடந்துச்சு தாயி?" என்று என்னிடம் கேட்டார். சித்தி சிரிப்பை அடக்கமுடியாமல் கண்ணைத் திறந்தாள். பெரியவர் பின்வாங்கிய வேகத்தில் செருப்பு ஒன்று அங்கேயே நின்றுவிட்டது.

தேர்வு நடந்த மைதானத்தில் வரிசை நீளமாக இருந்தது. சித்தி வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்ள, அவள் இடத்தில் நான் நின்றேன். முறை வந்ததும் கூப்பிட்டேன். எழுந்து வந்து, அளவுகோலில் முதுகை ஒட்டி நின்றாள். பலகை தலையில் இறங்கியது. அளந்த பெண் போலீஸ் குனிந்து பார்த்தார், மறுபடியும் பார்த்தார். "சரியா இருக்கு, போ" என்று எழுதிக்கொண்டார். நான் குதித்த குதியில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் சித்தி வளர்ந்துவிட்டாள்! பூமியை ஏமாற்றிவிட்டோம்!

அடுத்தது ஓட்டம். விசில் ஊதியதும் சித்தி கிளம்பினாள். பாதி தூரம்கூடப் போகவில்லை. குடித்தவள் மாதிரித் தள்ளாடினாள். முகம் வெளுத்துப்போய் முழங்கால் மடங்கி விழுந்தாள். எழுந்தாள், ஓடினாள், மறுபடி விழுந்தாள். நடந்தே கோட்டைத் தொட்டபோது நேரம் எப்போதோ முடிந்திருந்தது.

உயரம் அளந்த அதே போலீஸ்காரம்மாதான் தண்ணீர் கொடுத்து விசாரித்தார். "மூணு நாளு படுத்தே கெடந்தியா? பொறவு காலு எப்படிச் சொன்னபடி கேக்கும்? தலை சுத்தத்தான் செய்யும். உயரந்தான் வந்திருச்சுல்ல. அடுத்த தடவை படுக்காம கொள்ளாம, காலையில எந்திரிச்ச கையோட வா." எனக்கு இதில் உயரம் வந்துவிட்டது என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. படத்தில் இருந்தவர்களை ஏன் நாற்காலியில் தூக்கிப் போனார்கள் என்பது, கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர்களால் நிற்க முடியாது.

பஸ்ஸில் ராஜபாளையம் வரைக்கும் நான் வாய் மூடவில்லை. அந்தப் பலகை எப்படி இறங்கியது, தலையில் எப்படி முட்டியது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சித்தி என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வாசலிலேயே அப்பா நின்றிருந்தார். சித்தியின் முழங்கையில் இருந்த சிராய்ப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "என்னாச்சு?"

"உயரம் பத்தலை அத்தான்" என்றாள் சித்தி. "வர்ற வழியில கால் தடுக்கிருச்சு."

"இல்லப்பா! உயரம் வந்துச்சு! நான் பாத்தேன்!"

"அவ தூரத்துல நின்னா. சரியாத் தெரிஞ்சிருக்காது" என்று சொல்லிவிட்டு சித்தி உள்ளே போனாள். ஆண்டவன் அளந்து வைத்ததை யார் மாற்றமுடியும் என்று அப்பா சொன்னார். என் தலையைக்கூடத் தடவிக்கொடுத்தார். அன்றைக்கே கான்சாபுரத்துக்குச் சம்மதம் சொல்லி ஆள் போனது.

ஓட்டத்தில் தோற்றேன் என்று சொல்லியிருந்தால் அடுத்த தடவை அவள் போயிருக்கலாம். ஆனால் மானைப் போல ஓடுகிறவள் ஏன் விழுந்தாள் என்று அப்பா கேட்டிருப்பார். கேட்டிருந்தால் நான் அதற்குப் பிறகு ஒரு புத்தகமும் தொட்டிருக்க முடியாது. இதெல்லாம் இப்போது புரிகிறது. பத்து வயதில் புரியவில்லை. என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாளே என்று கோபம்தான் வந்தது. அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக, "ஏட்டி, செத்த இங்க வா" என்று அத்தனை பேருக்கு நடுவில் கூப்பிட்டாள். காதில் விழாத மாதிரித் திரும்பிக்கொண்டு, நான் நூலகத்துக்குப் போய்விட்டேன்.