இருபது தலை அரிசி

மலாயாவில் பெடாஸுக்கு மேற்கே இருந்த தோட்டத்தில் சன்னாசி பதினாறு வருடம் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போட்டான். ஜப்பான்காரன் வந்தபின் ரப்பர் வாங்க ஆளில்லை. புகைக்கொட்டகை சும்மா கிடந்தது. சயாமில் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை வேலைக்குப் போகாமல் ஓடி ஒளிந்து பிடிபட்டவர்களை அதில் அடைத்தார்கள். சாவி சன்னாசியிடமே இருந்தது.

அடைபட்டவன் ஒருவனுக்கு நாளைக்கு ஒரு பால் டின் அரிசி. திங்கட்கிழமை ராணுவ லாரி வரும். தலைகளை எண்ணி ஒரு வாரத்துக்கு உரியதை இறக்கிவிட்டுப் போகும். கொட்டகைக்குள் போனது மரவள்ளிக் கிழங்குதான். அரிசி, தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் முனியாண்டி வீட்டுக்குப் போனது. அதில் நாளுக்கு இரண்டு டின் சன்னாசிக்கு. அவன் மனைவி பஞ்சாலை பிள்ளை பெற்றிருந்தாள். கிழங்கு தின்ற நாளில் அவளுக்குப் பால் வற்றியிருந்தது. சோறு தின்றபின் சுரந்தது.

கொட்டகையில் ஒருவன் காய்ச்சலில் செத்தான். தலை குறைந்தால் அரிசி குறையும்.

“எண்ணுற நேரத்துக்கு ஒரு ஆள உள்ள குந்த வை,” என்றான் முனியாண்டி. “உன் மச்சினன் சும்மாதானே இருக்கான்?”

பஞ்சாலையின் தம்பி வீரமுத்துவின் பெயரைச் சயாம் பட்டியலில் ஏற்றாமல் விட்டவன் முனியாண்டி. மறுக்க முடியவில்லை. மூன்று திங்கட்கிழமை வீரமுத்து உள்ளே போய் உட்கார்ந்தான்.

“வாங்க மாப்பிள்ள,” என்றான் உள்ளே ஒருவன். “செத்தவன் எடம் காலியாத்தான் இருக்கு.”

நான்காவது திங்கட்கிழமை வீரமுத்து சிரித்துக்கொண்டே போனான். “குந்துறதுக்கு ஒரு சுருட்டாச்சும் குடுங்க மச்சான்.”

“போடா உள்ள. கூலி கேக்குது பாரு.”

அன்று இரண்டு லாரிகள் வந்தன. ஒன்றிலிருந்து அரிசி இறங்கியது. மற்றது காலி. சிப்பாய் எண்ணினான். இருபது. இருபது பேரையும் காலி லாரியில் ஏறச் சொன்னான்.

“இவங்க சயாமுக்கு,” என்றார் கணக்கு எழுதக் கூட வந்த தமிழ்க் கிராணி. “நாளைக்கு வேற இருபது பேரு வர்றாங்க லா. அரிசி அவங்களுக்கு.”

வீரமுத்து ஏறவில்லை. “மச்சான், சொல்லுங்க மச்சான். நான் இந்தக் கூட்டமில்லன்னு சொல்லுங்க.”

சொன்னால் மூன்று வார அரிசிக்குப் பதில் சொல்ல வேண்டும். பகாவ் ஊரில் ஒரு மூட்டை அரிசிக்காக ஒருவனின் தலை போனதாகக் கேள்வி. சன்னாசி முனியாண்டியைப் பார்த்தான். முனியாண்டி மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“யாருய்யா இவன்? உன்ன மச்சாங்கிறான்?” என்று கேட்டார் கிராணி.

“எல்லாரும் அப்படித்தாங்க கூப்புடுறானுங்க.”

அதன்பின் வீரமுத்து ஏறினான். லாரியின் பின்கதவைத் தூக்கிக் கொக்கி மாட்டச் சொன்னார்கள். சன்னாசி மாட்டினான்.

வீட்டில் பஞ்சாலை மூன்று தட்டு எடுத்து வைத்திருந்தாள்.

“தம்பி எங்க?”

அவன் அரிசிப் பையைக் கீழே வைத்தான். அவள் இன்னொரு தடவை கேட்டாள். பிறகு பையைப் பார்த்தாள்.

அன்று அவள் உலை வைக்கவில்லை. மறுநாள் குழந்தை காய்ந்த முலையைச் சப்பி அழுதது. எழுந்து போய் அரிசி களைந்தாள்.