ட்ரோன் முன்னால் நின்ற படம்

குண்டசாலைக்குப் போகும் பஸ்ஸில் நான், பக்கத்து வீட்டுக்காரி, முன் சீட்டில் முன்பின் தெரியாத ஒரு ஐயா.

"எந்தக் கட்சி வந்தாலும் நம்ம போனை ஒட்டுக்கேக்குறாங்கம்மா," என்றார் அவர்.

பக்கத்து வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே போனில் தன் மகனின் படத்தைக் காட்டினாள். இராணுவ முகாமுக்கு ஏ.சி. திருத்தப் போனவன், அங்கிருந்த ட்ரோன் முன்னால் நிற்கிறான்.

ஐயாவின் முகம் மாறியது. "இது வெளிய போனா பையன் வேலை போயிரும். யாருக்கும் அனுப்பலையே?"

"வெள்ளிக்கிழமை பூசை குரூப்புக்கு மட்டுந்தாங்க. புது வேலை, வேண்டிக்கச் சொல்லி அனுப்புனேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாலு பேர் சேர்ந்து வேண்டினால் நல்லதென்று, அந்தக் குரூப்பில் வந்த படத்தை இன்னும் நான்கு குரூப்புகளுக்கு அனுப்பியவள் நான். அவளிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

வேவு பார்க்க வெளியாள் எதற்கு? நானே போதும்.

அந்தப் படத்தை என்னிடமிருந்து பெற்றவர்கள் தயவுசெய்து அழித்துவிட்டு, இன்றைக்கே எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள்.