பழவேற்காட்டுச் சேற்றில் ஒன்பதாம் நம்பர் ஷூ

ஞாயிறு காலை ஐந்தரை மணி. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் தேவாவைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். காடு சுற்றப் போகிறவன், கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூவை மாட்டிக்கொண்டு வந்திருந்தான். முன்பக்கம் இரும்பு வைத்த கனமான ஷூ.

"இன்னாடா, காட்லயும் மிஷின் ஓட்டப் போறியா?"

"பாம்பு கீதுன்னு நீதானடா வாரம் பூரா சொல்லிக்கினு இருந்த? கொத்தட்டும். அதுக்குத்தான் பல்லு உடையும்."

இருவரும் ஒரே தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் ஆட்கள். அவன் முதல் ஷிஃப்ட், நான் இரண்டாவது.

பொன்னேரி வரை ரயில். அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ். ஏழரைக்குப் படகுத்துறையில் ரெஜினா அக்கா நின்றிருந்தார். மீன்பிடிக் குடும்பத்துப் பெண். ஆளுக்கு முந்நூறு ரூபாய்க்கு, ஏரிக்கு அக்கரையில் காட்டையும் கடற்கரையையும் நடத்திக் காட்டுகிறார். தேவாவின் காலைப் பார்த்தார்.

"தம்பி, மணல்ல இது சரி. சேறு வந்தா கழட்டி கையில எடுத்துக்கணும், இன்னா?"

படகு அக்கரையில் இறக்கிவிட்டது. வானத்தைத் தொடும் மரங்களை எதிர்பார்த்துப் போனேன். இருந்தவை குட்டை மரங்கள். ஆனால் முள்ளும் கொடியும் பின்னிக்கொண்டு வெயிலையே உள்ளே விடவில்லை. ஈரமான இருட்டு. எந்தச் சருகு அசைந்தாலும் தேவா என் சட்டையைப் பிடித்தான். ஓர் உடும்பு குறுக்கே ஓட, இவன் என் முதுகில் ஏறாத குறை.

"அது உன்னப் பாத்து ஓடுது, நீ அதப் பாத்து ஓடுற. ரெண்டு பேரும் நல்லா கீறீங்க" என்றார் அக்கா.

காடு முடிந்ததும் கடல். கரையோரமாக நடந்து, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் பக்கம் திரும்பினோம். ஏரியில் நூறு பூநாரைகளாவது ஒற்றைக் காலில் நின்றன. கிட்டே போய் போட்டோ எடுக்க, ஷூவைக் கழற்றாமலே சேற்றில் இறங்கினான் தேவா. வெறுங்காலோடு போகப் பயம். நாலு எட்டில் முழங்கால் வரை புதைந்துவிட்டான்.

"செல போல கீறடா! மால போடட்டுமா?" என்று கத்தினேன்.

அக்கா சிரிக்கவில்லை. கடல் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் சிரிப்பை நிறுத்தினேன்.

"மல்லாக்க சாயி! காலை ஒதறாத!" என்றபடி அக்கா சேற்றின் மேல் குப்புறப் படுத்து ஊர்ந்தார். பின்னாலேயே நானும் ஊர்ந்து தேவாவின் தோளைத் தாங்கினேன். அக்கா தோள் வரை கையை விட்டுத் துழாவினார்.

"முடிச்சு இறுகிகினு கீது. ஷூ கயிற அறுத்து கால மட்டும் உருவணும்." இடுப்பிலிருந்து மீன் கத்தியை உருவினார்.

"அக்கா, வாணாம்க்கா! நாளைக்கு ஆறு மணிக்கு ஷிஃப்ட்டு. ஷூ இல்லன்னா கேட்லயே தொரத்திடுவான். புதுசு கேட்டா காண்ட்ராக்டர் வேற ஆளப் போட்டுக்குவான்."

"அவன் வேற ஆளப் போட்டுக்குவான். உங்கம்மா யாரப் போட்டுக்கும்?"

தண்ணீர் ஏறி, மல்லாக்கச் சாய்ந்திருந்த அவன் காதை நனைத்தது. தேவா கண்ணை மூடிக்கொண்டு, "அறுங்க" என்றான்.

முதலில் இடது கால் ஷூவை விட்டு வெளியே வந்தது, ரொம்ப நேரம் கழித்து வலது கால். மூவரும் கரைக்கு ஊர்ந்து வந்து திரும்பிப் பார்த்தபோது, அவன் நின்ற இடம் எதுவென்றே தெரியவில்லை. பூநாரைகள் மட்டும் அப்படியே நின்றன.

திரும்பும் பஸ்ஸில் ஏறிய பிறகு தேவா கேட்டான்.

"உன் ஷூ இன்னா சைஸு?"

"எட்டு."

"எனக்கு ஒம்போது. பரவால்ல, ராவைக்கு ஊட்டாண்ட வந்து வாங்கிக்கிறேன்."

மறுநாள் அவன் ஷிஃப்ட் முடியும் நேரத்துக்குத் தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே, டீக்கடைக்குப் பின்னால் காத்திருந்தேன். தேவா நொண்டிக்கொண்டு வந்து, என்னைத் திட்டியபடியே ஷூவைக் கழற்றினான். சூடு ஆறுவதற்குள் மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினேன். இப்படியே நாலு நாள் ஓட்டிவிட்டோம்.

அடுத்த வாரம் என்னை முதல் ஷிஃப்ட்டுக்கு மாற்றப்போவதாக சூப்பர்வைசர் நேற்று சொன்னார். தேவாவிடம் இன்னும் சொல்லவில்லை.