ஆயர் கோசோங் என்றால் எந்தத் தண்ணீர்

முதலில் வந்தது வலி அல்ல, ஏப்பம். காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் இடம்) ஆள் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். பெயரைக் கூப்பிடுவதற்குள் ஒரு ஏப்பம், அடுத்த பெயருக்கு இன்னொன்று. வேலையாட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராத்திரி தின்ற ரொட்டி சானாய் செரிக்கவில்லை என்று நினைத்தேன்.

பத்து மணிக்கு வயிறு கல்லாக இறுகிவிட்டது. பச்சையாக வாந்தி எடுத்தேன். அப்போதும் "காத்து பிடிச்சிருக்கு, தைலம் தேச்சா போயிரும்" என்று சொல்லிக்கொண்டு செம்பனை நிழலில் உட்கார்ந்தவன்தான் நான். பழம் ஏற்றும் லோரியில் தூக்கிப்போட்டு என்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர்களுக்கு என் உயிரைக் கடன்பட்டிருக்கிறேன்.

புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் மண்டோர். வேலையாட்களை மேய்ப்பதுதான் என் பிழைப்பு. இருபத்தேழு வருஷமாக அதே வேலை. இதே நோயோடு இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் செய்த முட்டாள்தனத்தை நீங்கள் செய்யாமல் இருந்தால் போதும்.

வாலிபத்தில் எனக்குக் குடல்வால் அறுவை நடந்தது. அதன் தழும்பு உள்ளே ஒரு கயிறு மாதிரி வளர்ந்து, இத்தனை வருஷம் கழித்துச் சிறுகுடலைச் சுற்றி இறுக்கிவிட்டதாம். ரத்தம் போகாமல் ஒரு பகுதி செத்துப்போனது. செத்ததை வெட்டி எடுத்தார்கள். மீதி வீங்கிக் கிடந்ததால் உடனே சேர்த்துத் தைக்க முடியவில்லை. அதனால் இலியோஸ்டமி (சிறுகுடலின் முனையை வயிற்றுக்கு வெளியே எடுத்துத் தைத்து, வருவதை ஒரு பையில் பிடிப்பது) செய்துவிட்டார்கள்.

கண் விழித்தபோது வலப்பக்கம் அது இருந்தது. சிவப்பாக, ஈரமாக, உதடு குவித்த மாதிரி. அதற்கு ஸ்டோமா (வயிற்றில் செய்த வாய்) என்று பெயர். தொட்டால் வலிக்காது என்றார்கள். எனக்குத் தொட மனம் வரவில்லை. மூன்று நாள் என் மனைவி தனம்தான் பையை மாற்றினாள். நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, வேறொன்றும் இல்லை.

அறுவை செய்த டாக்டர் நம்மவர்தான். என் மகள் வயது இருக்கும். "இது தற்காலிகம்தான் அங்கிள்," என்றார். "நாலஞ்சு மாசம் போகட்டும், திரும்ப உள்ள சேத்துடலாம். ஆனா அதுவரைக்கும் உங்க கிட்னி கெடாம இருக்கணும். கிட்னி கெட்டுப்போச்சுன்னா நான் கத்தி வைக்க முடியாது."

என் மனத்தில் ஏறியது ஒன்றுதான். நாலஞ்சு மாதம், பிறகு பை கிடையாது. அதற்காக எதையும் தாங்கலாம் என்று நினைத்தேன்.

சிக்கல் என்னவென்றால், என் பையில் வந்ததெல்லாம் தண்ணீர். கஞ்சி பதத்தில் வர வேண்டியது கழுநீர் மாதிரி கொட்டியது. குடல் நீளம் குறைந்துபோனதால் உறிஞ்ச ஆளில்லை. ஒரு நாளைக்கு இரண்டு லிட்டருக்கு மேல். இதை 'அதிக வெளியேற்றம்' (பையில் அளவுக்கு மீறி நீர் போய் உடம்பு வற்றிப்போகும் நிலை) என்றார்கள். உப்பும் அதோடு போய்விடுமாம்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பு, பையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிற மலாய்க்கார மிஸ்ஸி (நர்ஸ்) பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக எல்லாம் சொன்னார். உப்புக் கரைசல் பொட்டலம், சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு போட வேண்டிய மாத்திரை (குடலின் ஓட்டத்தை மட்டுப்படுத்துவது), பையை அளந்து எழுத ஒரு அளவுக் குவளை. கடைசியாகச் சொன்னார், "அங்கிள், ஆயர் கோசோங் ஜாங்கான் பாஞாக் லா." வெறும் தண்ணீர் அதிகம் குடிக்காதே என்று அர்த்தம். ஒரு தாளும் கொடுத்தார். நான் தலையாட்டினேன். தனமும் தலையாட்டினாள். தாளை மடித்து மருந்துப் பைக்குள் வைத்தேன், அதோடு சரி.

இந்த நாட்டில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் முதல் கேள்வி, "ஆயர் கோசோங்கா, தேயா?" ஆயர் கோசோங் என்றால் பச்சைத் தண்ணீர் மட்டும்தான். தே (தேநீர்) அதில் சேராது, பார்லி சேராது, இளநீர் சேரவே சேராது. ஐம்பத்து நான்கு வயது வரை எனக்கு அப்படித்தான் தெரியும். கோசோங் என்றால் காலி. இளநீர் எப்படி ஐயா காலியாகும்.

ஆகவே நாங்கள் மிஸ்ஸி சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தோம். வீட்டில் பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டு எனக்குக் கிடையாது. தனம் என் தண்ணீர்க் குவளையைக் கூட எடுத்து ஒளித்துவைத்தாள். அதற்குப் பதிலாகப் பாரோயிலிருந்து என் அக்கா வாரத்துக்கு இரண்டு முறை பெரிய போத்தலில் பார்லித் தண்ணீர் கொண்டுவந்தது, தீர்ந்தால் தனமும் காய்ச்சினாள்.

"உடம்பு சூடுடா தம்பி, அதான் இப்பிடி ஊத்துது. பார்லி குடி, குளுந்துரும்," என்றது அக்கா.

பக்கத்து வீட்டுக்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. இடையில் தே-ஓ (பால் இல்லாத தேநீர்). உப்புக் கரைசலா? குடித்தேன், ஒரு மடக்கு. கடல் தண்ணீர் மாதிரி இருந்தது, வைத்துவிட்டேன். எனக்கு ரத்த அழுத்தம் வேறு உண்டு. எத்தனையோ வருஷமாக "உப்பைக் குறை" என்று கேட்டுக் கேட்டு, உப்பு என்றாலே கை பின்வாங்கும். தனம் சமைப்பதே பாதி உப்பில்தான்.

குடிக்கக் குடிக்கக் கொட்டியது. கொட்டக் கொட்டத் தாகம். தாகம் எடுத்தால் குடிக்க வேண்டியதுதானே. வெயிலில் நிற்கிற ஆட்களிடம் இருபத்தேழு வருஷமாக நான் கத்திய ஒரே வாசகம் "தண்ணி குடிங்கடா, தண்ணி குடிங்க." ஊருக்குச் சொன்ன உபதேசத்தை எனக்கே சொல்லிக்கொண்டேன். பை ஒரு மணிக்கு ஒரு தரம் நிறைந்தது. ஒட்டு பிய்ந்து, சுற்றியிருந்த தோல் வெந்து சிவந்தது. சட்டை போட முடியவில்லை.

ஐந்தாவது வாரம் கெண்டைக்கால் இரண்டும் முறுக்கிக்கொண்டன. சிறுநீர் காலையில் ஒரு தரம், தே நிறத்தில் கொஞ்சம். எழுந்து நின்றேன், கதவு சாய்ந்தது. சாய்ந்தது நான் என்று பிறகு தனம் சொன்னாள்.

மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிரியேட்டினின் (சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்த அளவு) ஏறிக் கிடந்தது. டாக்டர் கட்டிலோரம் நின்று கேட்டார்.

"அங்கிள், ஒரு நாளைக்கு என்னென்ன குடிச்சீங்க?"

நான் பெருமையாகச் சொன்னேன். "பச்சத் தண்ணி தொடவே இல்ல டாக்டர். பார்லி, இளநீ, தே-ஓ. அவ்வளவுதான்."

"எவ்வளவு?"

தனம் சொன்னாள். "பார்லி ஒரு மூணு லிட்டர் இருக்கும். இளநீ நாலு."

டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். "யார் உங்களுக்கு இப்பிடிச் சொன்னது?"

"மிஸ்ஸிதான். ஆயர் கோசோங் வேணாம்னாங்க. நாங்க கோசோங்கே குடிக்கல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உப்பு இல்லாத எந்தத் தண்ணியும் உங்களுக்கு வெறும் தண்ணிதான் அங்கிள். பார்லியும் வெறும் தண்ணி. தே-ஓவும் வெறும் தண்ணி. இளநீல நீங்க நெனக்கிற உப்பு இல்ல, அதுல இருக்கிற வேற உப்பு கெட்டுப்போன கிட்னிக்கு ஆபத்து. நீங்க குடிக்கிற தண்ணி உங்க குடலுக்குள்ள போயி, உடம்புல இருக்கிற உப்பையும் தண்ணியையும் இழுத்துகிட்டு பைக்குள்ள விழுது. குடிக்கக் குடிக்கக் காயறீங்க."

தனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தத் தாளில் எல்லாம் எழுதியிருந்ததாம், எதெது எவ்வளவு என்று. தப்பு மிஸ்ஸி மேல் இல்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு சொல்லை நாங்கள் எங்கள் கடைவீதி அர்த்தத்தில் எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான். வாசித்துத் தொலைத்திருக்கலாம்.

"சேக்கிறது?" என்று கேட்டேன்.

"இந்த நம்பரோட முடியாது அங்கிள். இறங்கட்டும், பாக்கலாம்."

அதற்குப் பிறகு நடந்ததை எழுதச் சுவாரசியமாக ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு உப்புக் கரைசல் ஒரு லிட்டர். மற்றது எல்லாம் சேர்த்து இரண்டு கோப்பை, அதுவும் சாப்பாட்டோடு இல்லாமல். சாப்பாட்டுக்கு முன்பு மாத்திரை. கஞ்சியில் உப்பு, முட்டையில் உப்பு, உருளைக்கிழங்கில் உப்பு. தனம் உப்பைப் போடும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் போடுவாள். எனக்கென்று வந்த அளவு இது, உங்கள் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். கரைசலைப் பனிப்பெட்டியில் வைத்துச் சில்லென்று கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினால் தொண்டையில் இறங்குகிறது. இது ஒன்றுதான் நானாகக் கண்டுபிடித்தது.

தாகம் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. பசி கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போகும், தாகம் அலுக்காது. குழாய் திறக்கிற சத்தம் கேட்டால் கண்ணில் நீர் முட்டும். மழை பெய்தால் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவேன். டிவியில் யாராவது தண்ணீர் குடித்தால் கோபம் வரும். மனிதன் இவ்வளவு அற்பமாக ஆக முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

திருடவும் செய்தேன். குளிக்கும்போது குழாயடியில் குனிந்து வாயைத் திறந்தேன். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். அளவுக் குவளை இருப்பதை மறந்துவிட்டேன். பையில் வருவதைத் தனம் அளந்து எழுதுகிறாளே.

"இந்த வாரம் பூரா ஏறிகிட்டே போகுது," என்றாள் ஒரு மத்தியானம், நோட்டைப் பார்த்தபடி. "என்னங்க, உண்மையச் சொல்லுங்க."

"மாத்திர வேல செய்யல போல."

"மாத்திரயா? குளிச்சிட்டு வந்தா மட்டும் ஒங்க வாய் காயறதில்ல, நான் பாக்கலன்னு நெனச்சீங்களா?"

எனக்கு ஆத்திரம் வந்தது. "ஆமா, குடிச்சேன். நீ ஒரு நாள் இருந்து பாரு இப்பிடி. ஒரே ஒரு நாள்."

அவள் கத்தவில்லை. நோட்டை மூடிவைத்தாள். "பைய மூடணும்னு நீங்கதான் சொன்னீங்க. எனக்கு பை இருந்தாலும் ஒண்ணும் இல்ல. ஆளு இருக்கணும் லா," என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய் அழுதாள், சத்தம் கேட்டது. நான் அதற்குப் பிறகு குழாயில் வாய் வைக்கவில்லை. நல்லவனாகிவிட்டேன் என்று அல்ல, அந்தச் சத்தத்தை இன்னொரு தரம் கேட்கத் தெம்பில்லை.

மாதங்கள் போயின. அரை நாள் வேலைக்குத் திரும்பினேன், வண்டியில் உட்கார்ந்து கணக்கு மட்டும் எழுத. சட்டைப்பையில் கரைசல் போத்தல். ஆட்கள் என் வயிற்றைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். பை பாதி நிறைந்ததும் கழிவறை தேடுவேன். எந்தக் கடையில் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, எங்கே தண்ணீர் வராது என்பதெல்லாம் மனப்பாடம். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். போய் என்ன செய்ய, பாயசத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரவா.

காலம் என்பது எனக்கு வேறாகிவிட்டது. திங்கள் செவ்வாய் எல்லாம் மறந்துபோனது. காலிசெய்தது, அடுத்துக் காலிசெய்யப் போவது, இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பொழுது. சில சமயம் மூன்று மணி நேரம் கிடைக்கும். அது பெரிய பொழுது. கெட்டியாக வந்தால் உடம்பு சுகம், தண்ணீராக வந்தால் ஏதோ தப்பு. வெயிலையும் மழையையும் பார்த்து நாளைச் சொல்கிறவன், இப்போது பையைப் பார்த்து என்னைச் சொல்கிறேன்.

நாலஞ்சு மாதம் என்றது பதினோரு மாதமானது. போன வாரம் ரத்த முடிவு பார்க்கப் போனோம். டாக்டர் கணினியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தனம் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பழைய மாதிரி முழுசா வரல அங்கிள். ஆனா ஆபரேஷனுக்குத் தாங்கும். அடுத்த மாசம் சேத்துடலாம்."

தனம் அங்கேயே அழுதுவிட்டாள். இத்தனை மாதமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உப்பைக் குடித்தேன். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம். கை சட்டைக்கு மேலேயே பையைத் தடவிப் பார்த்தது, அதுவாகவே.

"ஏன் அங்கிள், சந்தோஷம் இல்லையா?"

"மூடிட்டா, உள்ள என்னா நடக்குதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும் டாக்டர்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "தெரியாது அங்கிள். யாருக்கும் தெரியாது. தெரியாமதான் நாங்க எல்லாரும் சாப்பிட்டு எழுந்து வேலைக்குப் போயிட்டிருக்கோம்."

ஐம்பத்து நான்கு வருஷம் நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். எப்படி இருந்தேன் என்பதுதான் எனக்கு நினைவில்லை.