ரொட்டிக்கடை அக்காவின் வில்லை

ரொட்டிக்கடை அக்காவின் வாய்க்கு முன்னால் அவள் அடுப்பே கொஞ்சம் குளிர்ச்சிதான். "அரசாங்கம் நமக்கு என்னத்தைக் கிழிச்சுது?" என்பது மாவு பிசையும்போது அவள் பாடும் பல்லவி. அடுப்பு வாயில் வெறுங்கையை நீட்டியே சூடு பார்த்துப் பழகியவள். அதில் விரல்நுனிகள் காய்த்துப்போய்விட்டன. சர்க்கரை நோய் வந்த பிறகு, எத்தனை குத்துக் குத்தினாலும் சோதனைக்கு ஒரு சொட்டு ரத்தம் வராது.

மருத்துவமனை நர்ஸ் அவள் மேல்கையில் நாணயம் அளவு வில்லை ஒன்றை ஒட்டினாள். "இனிமே குத்தவே வேணாம்க்கா, சர்க்கரை அளவை இதுவே பாத்துப் போன்ல காட்டிடும். அரசுக் காப்பீட்டுலயே தர்றாங்க. நீங்க எதுவும் கட்ட வேணாம்."

அக்கா நம்பவில்லை. மறுநாள் அடுப்படியில் நின்றபோது போன் கூவியது. சர்க்கரை இறங்குகிறதாம்! "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று முனகியபடி ஒரு பிடி சீனியை வாயில் போட்டாள். அதற்குப் பிறகுதான் கால் நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. உட்கார்ந்து திரையையே பார்த்தாள். எண் மெல்ல மெல்ல ஏறியது, உடம்பும் தெளிந்தது.

"ஏங்க, நான் அடுப்புக்குள்ள கையை விட்டுப் பாக்கிற மாதிரி, இது எனக்குள்ள கையை விட்டுப் பாக்குதுங்க!"

"அப்போ, அரசாங்கம் என்னத்தைக் கிழிச்சுது?" என்று புருஷன் சீண்டினார்.

அக்கா ஒரு பிடி மாவை அவர் மேல் வீசிவிட்டு, அன்றைக்குப் பல்லவி பாடாமலே மீதி மாவைப் பிசைந்தாள்.