முகத்தில் நிழல் விழாத விளக்கு

என் அக்காவின் கணவர் முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓடுகிற பஸ்ஸில் முன்படியில் ஏறிப் பின்படி வரை ஒரு நடை நடந்தாரென்றால், டிக்கெட் எடுக்காதவன் யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். கையை நீட்டி டிக்கெட் கேட்பதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். எங்கள் வீட்டில் அவருக்குப் பட்டப்பெயர் ‘செக்கிங்’. நேரில் மாமா என்போம், அவர் தலை மறைந்ததும் செக்கிங் என்போம். இது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

சந்தேகம் வேலையால் வந்ததா, சந்தேகம் இருந்ததால்தான் அந்த வேலை கிடைத்ததா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பால் பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்த்து “எடை குறையுது” என்பார். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னால் “எதுக்கு?” என்று கேட்பார். பக்கத்து வீட்டுக்காரர் சும்மா சிரித்தால் கூட, “ஏதோ கேக்கப் போறான் மாப்ளே” என்று என் காதில் ஓதுவார். பத்துக்கு ஏழு தடவை அவர் சொன்னபடியே நடந்தும் தொலைக்கும். அதனால் அவரைத் திருத்த எங்களில் யாருக்கும் வாயில்லை.

மீசையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. மேலுதட்டை முழுக்க மூடி, கீழுதட்டில் பாதியையும் எட்டிப் பிடிக்கிற மீசை. அது படியேறினாலே பாதிப் பேர் சட்டைப் பையைத் தடவுவார்கள் என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அக்கா நூல் மில்லில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். அவள் பகல் ஷிப்ட் போனால் இவருக்கு மாலை ட்யூட்டி. இவர் வீட்டில் இருந்தால் அவளுக்கு இரவு ஷிப்ட். எந்தப் பேச்சை எடுத்தாலும் மாமா, “ரிட்டையர் ஆனப்புறம் உக்காந்து பேசிக்கலாம்” என்பார். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த சில பேச்சுகள் கூட இன்னும் பாக்கி இருப்பதாக அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

போன வருஷம் அவர் ரிட்டையர் ஆனார். அக்காவும் மில்லை விட்டாள். ஒரு ஹாலும் இரண்டு அறைகளுமாகச் சொந்த வீடு எழும்பியது. பூச்சு முடிந்து, ஒயரிங் முடிந்து, இனி விளக்குதான் பாக்கி என்கிற கட்டத்தில் மாமா ஒரு நாள் என்னை டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“உங்க அக்கா எங்கிட்ட எதையோ மறைக்கிறா மாப்ளே.”

சிரிக்கலாம் என்று நிமிர்ந்தவன் அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். கேலிக்குரிய முகமாக இல்லை அது.

“ஹால்ல உக்காந்து கூப்பிடறேன், சமையல்கட்டுலேர்ந்து பதில் வரமாட்டேங்குது. போன் அடிச்சா எடுத்து எங்கிட்ட நீட்டிடறா. முன்னெல்லாம் விளக்க அணைச்சப்புறம்தான் அவளுக்குப் பேச்சே வரும். இப்ப அணைச்சதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறா. முப்பது வருஷமா இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தோம். பேசறதுக்கு நான் வந்து உக்காந்துட்டேன், எதிர்ல ஆளைக் காணோம்.”

“உங்க மேல கோபமா இருக்கும் மாமா.”

“கோபம்னா எனக்குத் தெரியும். இது வேற. மீசையக் கொறைங்க, மீசையக் கொறைங்கன்னு வேற ஒரே பாட்டு. எதுக்கு?”

எனக்கென்ன தெரியும். மீசை பிடிக்கவில்லை என்றால் முப்பது வருஷம் கழித்தா சொல்வாள் என்று எனக்கும் ஒரு சின்ன உறுத்தல் தொற்றிக்கொண்டது. சந்தேகம் சளி மாதிரி, பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும்.

அந்தச் சனிக்கிழமை மூன்று பேருமாக விளக்குக் கடைக்குப் போனோம். நான் ஆறடி இரண்டு அங்குலம். கூரை சம்பந்தப்பட்ட காரியம் என்றால் என்னை மறக்காமல் கூப்பிட்டுவிடுவார்கள். கடையின் கூரை முழுக்க விளக்குகள், எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. உள்ளே போன ஐந்தாவது நிமிஷம் கழுத்து வலித்தது, பத்தாவது நிமிஷம் வேர்த்துக் கொட்டியது.

விற்பனையாளர் உற்சாகமாக ஒரு விளக்கைத் தட்டிக் காட்டினார். “இது மூணு கலர் மாறும் சார். வெள்ளை, மஞ்சள், நடுவுல ஒண்ணு.”

“ஒரு லைட்டுக்கு எதுக்கு மூணு கலர்? இதுல எது நிஜம்?” என்றார் மாமா.

அக்கா இருவரையும் கண்டுகொள்ளவில்லை. மாமாவின் முழங்கையைப் பிடித்து அழைத்துப் போய்க் குழிவிளக்கு ஒன்றுக்கு நேர் கீழே நிறுத்தினாள். கூரைக்குள் புதைந்து நேராகக் கீழே அடிக்கிற வகை அது.

“இங்க நில்லுங்க. ஏதாவது பேசுங்க.”

“என்ன பேச?”

“எதையாவது.”

மாமாவுக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. பழைய ரூட்டின் நிறுத்தங்களை ஒப்பிக்க ஆரம்பித்தார். “டிப்போ, மார்க்கெட், கோர்ட்டு, ஆஸ்பத்திரி, ரயில்வே கேட்டு...”

அக்கா உதட்டைப் பிதுக்கினாள். “இது வேணாம். மூக்கு நிழல் வாய் மேல விழுது.”

அடுத்து ஒரு கண்ணாடிக் கொத்துவிளக்கு. மறுபடி டிப்போ, மார்க்கெட். “பளபளன்னு கண்ணைக் குத்துது.” அடுத்து மஞ்சள் விளக்கு. “மங்கல்.” பதினோரு விளக்குக்கு அடியில் மாமாவை நிறுத்தினாள். பதினோரு தடவை பஸ் டிப்போவிலிருந்து ரயில்வே கேட்டுக்குப் போனது. சுவரையும் தரையையும் பார்த்து விளக்கு வாங்குகிறவர்களைக் கண்டிருந்த விற்பனையாளர், புருஷன் முகத்துக்கு விளக்கு வாங்குகிற பெண்ணை அன்றைக்குத்தான் பார்த்தார்.

மாமா என் பக்கம் சாய்ந்து மீசைக்குள்ளேயே முணுமுணுத்தார். “பாத்தியா மாப்ளே, என் வாயையே பாக்கறா. நான் சிகரெட் பிடிக்கறேனான்னு வேவு பாக்கறா.”

“பிடிக்கிறீங்களா?”

“எப்பவாவது.”

கடைசியில் அவள் எடுத்தது சதுரமான, தட்டையான, பால் வெள்ளையில் ஒரு சாதாரணப் பலகை விளக்கு. அழகென்று அதில் மருந்துக்கும் கிடையாது.

“மேடம், இது ஆபீசுக்குப் போடறது.”

“எங்க வீடும் ஆபீஸ்தான். தினம் செக்கிங் நடக்கும்,” என்று நாலு விளக்கு கட்டச் சொன்னாள். “கரண்ட் போனா பேன் நின்னாலும் பரவாயில்ல, இது நாலும் எரியணும். அதுக்கு ஒரு பேட்டரி.”

மாமாவின் கண் சுருங்கியது. வெயில் காலத்தில் காற்று வேண்டாம், வெளிச்சம் வேண்டும் என்று யாராவது சொல்வார்களா? கடைக்காரரோடு எலக்ட்ரீஷியன் கூட்டு, இடையில் அக்காவை மடக்கிவிட்டார்கள் என்று வழியெல்லாம் எனக்குப் பாடம் நடத்தினார்.

மறுநாள் காலை புது வீட்டில் எலக்ட்ரீஷியனை நிற்க வைத்து விசாரணை நடந்தது. எலக்ட்ரீஷியன் பொறுமைசாலி, ஐம்பது வயதுக்காரர்.

“ஹால் நடுவுலதானே பாயிண்ட் விட்டோம். இப்ப எதுக்கு ரெண்டு பக்கமும் தள்ளி உடைக்கறீங்க?”

“அம்மாதான் சார் சொன்னாங்க. நாற்காலில உக்கார்றவங்க தலைக்கு மேல வேணாம், மூஞ்சிக்கு எதிர்ல வரணும்னாங்க. சமையல்கட்டுலயும் அடுப்புக்கு மேல வேணாம், வாசல்ல வந்து நிக்கறவங்க மூஞ்சில விழணுமாம். முப்பது வருஷமா ஒயர் இழுக்கறேன், இப்படி யாரும் கேட்டதில்ல.”

எலக்ட்ரீஷியன் நிம்மதியாக டீ குடிக்கக் கிளம்பினார். மாமா அசையாமல் நின்றார். பஸ்ஸில் ஆளை மோப்பம் பிடித்துவிட்டால் இப்படித்தான் நிற்பாராம்.

அவரிடம் ஒரு பழைய தந்திரம் உண்டு. டிக்கெட் இல்லாதவன் தூங்குவதுபோல் நடிப்பான். அவனை உலுக்க மாட்டார். அவன் தலைக்குப் பின்னால் நின்று மெதுவாக, “யாரோட நூறு ரூபாய் இது, கீழ கெடக்குது?” என்பார். நிஜமாகத் தூங்குகிறவன் தூங்குவான். மற்றவன் கண்ணைத் திறந்துவிடுவான். அந்தத் தந்திரத்தைச் சொந்தப் பெண்டாட்டியிடம் அன்றைக்குப் பிரயோகித்தார்.

அக்கா சமையல்கட்டில் எங்களுக்கு முதுகு காட்டி, சுவரில் பென்சிலால் ஸ்விட்சுக்குக் குறி போட்டுக்கொண்டிருந்தாள். நான் முக்காலி மேல் ஏறி, அளவு டேப்பின் ஒரு முனையைக் கூரையில் அழுத்திப் பிடித்திருந்தேன். மாமா அவளுக்கு நாலடி பின்னால் வந்து நின்றார்.

“நேத்து ரெண்டு சிகரெட் பிடிச்சேன்,” என்றார்.

எட்டு வருஷத்துக்கு முன் நெஞ்சு வலி வந்தபோது அக்கா அழுது சத்தியம் வாங்கிய விஷயம் அது. அவள் இன்னொரு குறி போட்டாள்.

“தினமும் பிடிக்கறேன்,” என்றார் இன்னும் உரக்க. காலி அறையில் குரல் எதிரொலித்தது. அவள் பென்சிலை ஊதித் தூசி தட்டினாள்.

தற்செயலாகத் திரும்பியவள், மாமாவின் வாய் மூடுவதைப் பார்த்துவிட்டாள். ஒரு கணம் தடுமாறினாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, “ஆமாங்க,” என்றாள். எதற்கு ஆமாம் என்று அவளுக்கே தெரியவில்லை. அளவு குறித்த தாளை எடுக்க வெளியே போய்விட்டாள்.

மாமா சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்தார்.

“அந்தச் சிரிப்பப் பாத்தியா மாப்ளே. டிக்கெட் எடுக்காதவன் சிரிக்கற சிரிப்பு. நாம என்ன கேட்டாலும் ஆமாங்கன்னு சொல்லிச் சமாளிச்சு, அடுத்த ஸ்டாப் வர்ற வரைக்கும் உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு நிப்பான். அவளுக்குக் காது கேக்கல.”

ஒவ்வொன்றாக எனக்குள் விழுந்தது. மில்லில் மெஷின் ஓடும்போது யாரும் காதை நம்புவதில்லை, வாயசைவைப் பார்த்தே ஊர்வம்பெல்லாம் பேசி முடிப்பார்கள் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அந்த வித்தையை வைத்துக்கொண்டு எங்கள் எல்லாரையும் ஏமாற்றி வந்திருக்கிறாள். இருட்டில் அது செல்லாது. போனில் செல்லாது. மீசைக்குப் பின்னால் இருக்கிற வாயிடமும் செல்லாது.

“எத்தனையோ பேரை மூஞ்சி பாத்துப் பிடிச்சேன். வீட்டுல இருக்கற மூஞ்சிய விட்டுட்டேன்,” என்றார் மாமா.

“அக்காகிட்ட கேட்டுடலாமா?”

“பிடிச்சா பஸ்ஸ விட்டு எறக்கி விடுவேன். இவள எங்க எறக்கி விடறது? சும்மா இரு.”

இரண்டு நாள் கழித்து ஒயரிங் படத்தைக் கொடுக்கப் பழைய வீட்டுக்குப் போனேன். அக்கா ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். குளியலறையிலிருந்து யாரோ ஒருவர் வந்தார். யாரோ ஒருவர் என்றுதான் முதலில் நினைத்தேன். மீசை இல்லை. முப்பது வருஷம் வெயில் படாத மேலுதடு வெள்ளை வெளேரென்று இருந்தது. அவர் நேரே போய், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்றார்.

“நீ சொன்ன எடத்துலயே லைட் போடச் சொல்லிட்டேன்,” என்றார் நிதானமாக.

அக்கா அந்த உதட்டையே பார்த்தாள். கையிலிருந்த துணி நழுவியது.

“எப்பத் தெரிஞ்சுது?”

“ஞாயித்துக்கிழமை. உனக்கு?”

“ரெண்டு வருஷமா.”

“எங்கிட்ட சொல்றதுக்கென்ன?”

அவள் என் பக்கம் கை காட்டினாள். “அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு இவனைக் கேளுங்க.”

நான் தரையைப் பார்த்தேன். எங்கள் அம்மாவுக்கும் இப்படித்தான் காது போனது. நாங்கள் பேசிச் சிரிக்கும்போது, “என்னடா சொன்ன?” என்று ஆசையாகக் கேட்பாள். கத்திச் சொல்லச் சோம்பல். “ஒண்ணுமில்லம்மா” என்பேன். நான்தான் அதிகம் சொன்னேன். கொஞ்ச நாளில் அம்மா கேட்பதையே விட்டுவிட்டாள்.

“நாம பேச்ச நிறுத்தி ஆறு வருஷம் கழிச்சுதான் அம்மா செத்தாங்க,” என்றாள் அக்கா. அழுதாள். “இவரு இப்பதான் எனக்குன்னு வந்து உக்காந்திருக்காரு. ரெண்டு தடவ திருப்பிச் சொல்லச் சொன்னா, மூணாவது தடவ இவரும் ஒண்ணுமில்லன்னு சொல்லிடுவாரு. அதுக்குத்தான் பயந்தேன்.”

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. மாமா கீழே கிடந்த துணியை எடுத்துக் கோணல்மாணலாக மடித்து அவளிடம் கொடுத்தார்.

காது டாக்டரிடம் போனார்கள். மெஷின் வைத்தால் பாதி கேட்கும், மீதிக்கு முகம் பார்த்துத்தான் ஆகவேண்டும் என்றார் டாக்டர். “பாதின்னா எந்தப் பாதி?” என்று மாமா அவரையும் குறுக்கு விசாரணை செய்தாராம்.

வீடு மாறிய அன்று மாலை, நாலு விளக்கும் எரிந்தன. அந்த வெளிச்சத்தில் எங்கள் யார் முகத்திலும் நிழல் இல்லை, மறைக்கவும் வழியில்லை. அக்காவும் மாமாவும் எதிரெதிரே உட்கார்ந்து, கல்யாணமான புதிதில் அவருடைய அண்ணன் வீட்டில் நடந்த ஏதோ ஒரு சண்டையின் மிச்சத்தைப் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். நான் டீ டம்ளரைப் பார்த்தபடி எனக்கு நானே ஒன்று முணுமுணுத்துச் சிரித்தேன்.

அக்கா திரும்பினாள். “என்னடா சொன்ன?”

“ஒண்ணு...” என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. மாமா என்னைப் பார்த்தார். ஓடுகிற பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் பார்த்த பார்வை.

டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, விளக்குக்கு நேராக முகத்தைத் தூக்கினேன்.

“மீசை இல்லாம மாமா உரிச்ச உருளைக்கிழங்கு மாதிரி இருக்காருன்னு சொன்னேன்க்கா.”

“இன்னொரு தடவ சொல்லு மாப்ளே,” என்றார் மாமா. “அவளுக்குச் சரியா விழல.”